விட்டுவிட்ட மீன்களின் கணக்கு

பிடித்த மீனைக் கொல்லாதவன் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொண்டு பல வருடம் திரிந்திருக்கிறேன். கேட்டவர்களிடம் சொன்னேன், கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். அது பொய். எத்தனை மீன் என்னால் செத்தது என்று எனக்கே தெரியாது. தெரிந்துவிடாமல் இருக்க நான் எடுத்துக்கொண்ட சிரத்தைதான் இங்கே நான் ஒப்புக்கொள்ள வந்த குற்றம்.

நியூ ஜெர்சியில் வேலை. சனிக்கிழமை விடியுமுன் காரைக் கிளப்பினால் நியூ யார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைக்கு வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். பீவர்கில், வில்லோவீமாக், நெவர்சிங்க், ஈசோபஸ் என்று வரிசையாக ஆறுகள். தாமிரபரணியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இவை ஓடைதான். தண்ணீர் கை வைத்தால் கடுக்கும். அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணலாம். அதில் ட்ரவுட் மீன்கள். அவற்றை ஃப்ளை ஃபிஷிங் முறையில் பிடிப்பது என் பைத்தியம். புழுவோ இறாலோ கோர்க்க மாட்டோம். முள்ளின் மேல் இறகும் மயிரும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி ஒன்று கட்டுவோம். அதற்குப் பெயர்தான் ஃப்ளை. அதற்கு எடையே கிடையாது. எடை முழுக்க அதை இழுத்துச் செல்லும் கயிற்றில். கயிற்றைத் தலைக்கு மேல் பின்னும் முன்னுமாக வீசி, மீன் இருக்கும் இடத்துக்குச் சற்று மேலே அந்தப் பொய்ப் பூச்சியைச் சத்தமில்லாமல் இறக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த வித்தைக்குத் தாய்வீடு கேட்ஸ்கில். தியோடர் கார்டன் என்று ஒருவர், காசநோய்க்காரர், நெவர்சிங்க் கரையில் ஏறக்குறைய துறவி மாதிரி வாழ்ந்து 1915-இல் இறந்துபோனார். இங்கிலாந்தில் மிதக்கும் ஃப்ளைக்கு இலக்கணம் வகுத்த ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்டுக்கு 1890-இல் கடிதம் எழுதி மாதிரிகள் வரவழைத்தார். அவற்றை இந்த ஆற்றுப் பூச்சிகளுக்குத் தக்கபடி மாற்றிக் கட்டினார். அவர் பெயரால் வழங்கும் குவில் கார்டன் என்ற ஃப்ளையின் உடம்பு, மயிற்பீலி இழை ஒன்றின் முடியை உரித்துவிட்டு எடுத்த காம்பு. மயில் நம்ம ஊர்ப் பறவையாயிற்றே என்று அதிலும் எனக்கு ஒரு கர்வம். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று 1930-களிலேயே வாதாடத் தொடங்கிய லீ வுல்ஃப், பிற்காலத்தில் பீவர்கில் கரையில்தான் வாழ்ந்தார். பீவர்கில்லின் ஒரு பகுதியில் பிடித்ததை எல்லாம் விட்டாக வேண்டும் என்ற விதி 1960-களிலேயே வந்துவிட்டது. இத்தனை பெரியவர்கள் நடந்த கரையில் நிற்கிறோம் என்ற நினைப்பு தலைக்கேறினால் என்ன ஆகும் என்பதற்கு நான் சாட்சி.

ஏப்ரல் 1 அங்கே திருநாள். அன்றைக்குத்தான் ட்ரவுட் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகும் பருவம் தொடங்கும். ராஸ்கோ ஊரில் வில்லோவீமாக்கும் பீவர்கில்லும் கூடும் ஜங்ஷன் பூல் என்ற மடுவில் பனி விலகாத காலையிலேயே கூட்டம் கூடிவிடும். அப்படி ஒரு நாளில், புழுவுக்கு அனுமதி உள்ள பகுதி ஒன்றில், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மண்புழு போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பார்த்தேன். பக்கத்தில் பேரன். வாளியில் இரண்டு ட்ரவுட். வளர்ப்புப் பண்ணையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன்கள். சட்டம் அனுமதித்த அளவுக்கு உள்ளேதான். நான் யாரும் கேட்காமலே ஒரு பிரசங்கம் செய்தேன். மீன் ஒருமுறை பிடிபட்டுச் சாவதற்கானதில்லை, விட்டால் இன்னொருவருக்கு உதவும், நான் இத்தனை வருடத்தில் ஒன்றைக்கூடக் கொன்றதில்லை என்றெல்லாம். அவர் முழுக்கக் கேட்டார். “நல்ல விஷயம். என் மனைவிக்கு மீன் பிடிக்கும்” என்று சொல்லிவிட்டுப் புழுவை மாற்றினார். பேரனின் முகம் மட்டும் சுருங்கிப்போயிருந்தது. அந்தப் பிள்ளையின் திருநாளைக் கெடுத்தோமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நல்லது செய்த திருப்தியோடு ஆற்றில் இறங்கினேன்.

அந்த வருடங்களில் ஆற்றில் இறங்கிய பிறகு என்னவெல்லாம் செய்தேன் என்பதை இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

பருவத் தொடக்கத்தில் தண்ணீர் நாலைந்து டிகிரி செல்சியஸ் இருக்கும். மீனின் உடம்புச் சூடு என்று தனியாக ஒன்று கிடையாது. தண்ணீரின் குளிர்தான் அதன் குளிர். அது செரிப்பதும் மெதுவாக, அசைவதும் மெதுவாக. மடுவின் ஆழத்தில், ஓட்டம் தணிந்த இடத்தில், தரையோடு தரையாகக் கிடக்கும். மேலே மிதக்கும் பூச்சிக்காக எழுந்து வராது. மூக்குக்கு நேரே ஏதாவது வந்தால் வாயைத் திறக்கும், அவ்வளவுதான். ஆகவே நீருக்கடியில் வாழும் பூச்சிப் புழுவைப் போலக் கட்டிய நிம்ஃப் என்ற வகையை, உலோக மணியோ ஈயக் குண்டோ சேர்த்து, அடித்தரையை உரசிக்கொண்டு போகும்படி விட வேண்டும். மீன் தொட்டால் கயிறு அரைக்கணம் தயங்கும். கவனிக்கத் தவறினால் போயிற்று. ராடின் வளையங்களில் பனி கட்டிக்கொண்டே இருக்கும். வாயில் வைத்து ஊதிக் கரைத்துவிட்டு மறுபடி வீச வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு சாதிப் பிரிவு உண்டு. மிதக்கும் ஃப்ளைக்காரர் மேல்சாதி, நிம்ஃப்காரர் ஒரு படி கீழே, புழுக்காரர் ஊருக்கு வெளியே. நான் மேல்சாதி என்று பெயர் வாங்கியிருந்தேன். குளிரில் மீன் மேலே வராதபோது அந்தப் பெயரை எப்படிக் காப்பாற்றுவது?

ஒரு மார்ச் மாதக் கடைசியில் நிம்ஃபில் ஒரு பிரவுன் ட்ரவுட் மாட்டியது. முழங்கை நீளம் இருக்கும். வயிற்றுப் பக்கம் வெண்ணெய் மஞ்சள், விலாவில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெளிறிய நீலத்தில் மெல்லிய வளையம். கரையில் பனி கிடந்தது. காற்று உறைநிலைக்குக் கீழே. மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்து, அதன் வாயிலிருந்து நிம்ஃபைக் கழற்றினேன். பிறகு சட்டைப் பையிலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு குவில் கார்டனை எடுத்து, அதே உதட்டோரத்தில், அதே துளையில் செருகினேன். விரல் மரத்துப்போயிருந்ததால் இரண்டு முறை நழுவியது. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, கைபேசியில் படம் எடுத்தேன். முதல் படம் கலங்கியிருந்தது. இன்னொன்று எடுத்தேன். வெளிச்சம் சரியில்லை என்று மீனைத் திருப்பிப் பிடித்து இன்னொன்று. செவுள் மூடி திறந்து திறந்து மூடியது. வாலின் நுனியில் தொங்கிய நீர்த்துளி உறைந்து நின்றது. அதற்குப் பிறகுதான் ஃப்ளையைப் பிடுங்கிவிட்டு மீனைத் தண்ணீரில் வைத்தேன். கொஞ்ச நேரம் கையிலேயே கிடந்தது. பிறகு ஆழத்துக்குப் போய்விட்டது.

படத்தை நண்பர்களுக்கு அனுப்பினேன். “இந்தக் குளிரில் மிதக்கும் ஃப்ளையிலா!” என்று வியந்தார்கள். நான் மறுக்கவில்லை.

காற்றில் மீன் எத்தனை வினாடி தாங்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஃபெர்குஸன், டஃப்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1992-இல் வெளியிட்ட கட்டுரையை அதற்கு முன்பே படித்திருந்தேன். ரெயின்போ ட்ரவுட்டைத் தூண்டிலில் மாட்டியது போலக் களைக்கும்வரை விரட்டி, பிறகு காற்றில் வைத்துப் பார்த்தார்கள். விரட்டியதோடு விட்டவற்றில் 12 சதவீதம் செத்தன. 30 வினாடி காற்றில் இருந்தவற்றில் 38 சதவீதம். ஒரு நிமிடம் இருந்தவற்றில் 72 சதவீதம். உடனே சாகவில்லை, 12 மணி நேரத்துக்குள். அதாவது, நீந்திப் போவதைப் பார்த்துவிட்டு நாம் வீட்டுக்கு வந்து காபி குடித்து முடித்த பிறகு.

சோதனைக்குட்பட்ட மீன்களின் உடம்பில் ரத்தம் எடுக்கக் குழாய் பொருத்தியிருந்தது, ஆற்றில் இவ்வளவு சாவு வராது என்று பிற்பாடு சிலர் எழுதினார்கள். அது நியாயமான மறுப்புதான். ஆனால் அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது அறிவின் மகிழ்ச்சி இல்லை, ஜாமீன் கிடைத்த மகிழ்ச்சி. குளிர்ந்த நீரில் ஆக்ஸிஜன் அதிகம், மீன் சீக்கிரம் தேறிவிடும் என்று இன்னொரு உண்மையையும் சேர்த்துக்கொண்டேன். உறைநிலைக் காற்றில் செவுளின் மெல்லிய இதழ்கள் உறைந்து கெட்டுப்போகலாம் என்று வல்லுநர்கள் எச்சரிப்பதை வசதியாக மறந்தேன். எனக்குச் சாதகமான பத்தி எதுவும் மறக்காது, பாதகமானது எதுவும் நினைவில் நிற்காது. அப்படி ஒரு ஞாபகசக்தி எனக்கு.

இது சின்னக் குற்றம். பெரியது காலுக்குக் கீழே நடந்தது.

பிரவுன் ட்ரவுட் கேட்ஸ்கில்லின் பூர்வீக மீன் இல்லை. 1883-இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாக அமெரிக்காவுக்கு வந்த இனம். பூர்வீகம் புரூக் ட்ரவுட். இரண்டுமே இலையுதிர் காலத்தில் முட்டையிடுபவை. பெண் மீன் சரளை நிறைந்த ஓர் இடத்தைத் தேர்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் அடித்து அடித்துப் பள்ளம் பறிக்கும். அதில் முட்டையிட்டதும் ஆண் மீன் விந்தைப் பாய்ச்சும். உடனே பெண் மீன் மேல்பக்கம் நகர்ந்து அங்கே பறிக்கும். அந்தக் கற்கள் ஓட்டத்தில் வந்து முட்டைகளை மூடும். ஊறிய ஜவ்வரிசி அளவிலான முட்டைகள் குளிர்காலம் முழுவதும் அந்தக் கல் மேட்டுக்குள் கிடக்கும். குளிர் கூடக் கூட வளர்ச்சி மெதுவாகும். பொரிக்க மூன்று மாதத்துக்கு மேலும் ஆகும். பொரித்த குஞ்சும் உடனே வெளியே வராது. வயிற்றில் மஞ்சள்கருப் பையைச் சுமந்துகொண்டு, கல் இடுக்கிலேயே இன்னும் சில வாரம் இருக்கும். வசந்தத்தில்தான் மேலே வரும். நாங்கள் பருவம் பிறந்துவிட்டது என்று கும்மாளமாக இறங்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அவை இன்னும் கல்லுக்குள்தான் இருக்கின்றன. அதே நேரத்தில் ஈசோபஸ் போன்ற ஆறுகளில் ரெயின்போ ட்ரவுட் தன் முட்டையிடலைத் தொடங்குகிறது. அது வசந்தத்தில் முட்டையிடும் இனம்.

பெண் மீன் விரும்பித் தேடுவது மடு முடிந்து, தரை மேலேறி, நீர் வேகமெடுத்துச் சலசலப்பில் இறங்கப் போகும் அந்த விளிம்பை. நீர் அங்கே சரளைக்குள் புகுந்து வெளியேறும். முட்டைக்கு மூச்சு கிடைக்கும். மார்புவரை வரும் வேடர்ஸ் என்ற நீர்புகா உடையை மாட்டிக்கொண்டு ஆற்றைக் கடக்க மனிதன் தேடுவதும் அதே இடத்தைத்தான். ஆழம் முழங்கால் அளவு, காலுக்கடியில் நல்ல சரளை, வழுக்காது. மீனும் நானும் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

மான்டானாவில் ராபர்ட்ஸ், வைட் என்ற இருவர் இதையும் சோதித்து 1992-இல் எழுதினார்கள். முட்டை வைத்த நாள் முதல் தினம் இரண்டு முறை மிதித்தால் முட்டையிலும் குஞ்சிலும் 96 சதவீதம் வரை அழிந்தது. பொரிக்கும் தறுவாயில் ஒரே ஒரு முறை மிதித்தாலே 43 சதவீதம் வரை.

ஒரு நவம்பரில் வில்லோவீமாக் கரையில் நின்று ஒரு பெண் மீன் பள்ளம் பறிப்பதைப் பார்த்தேன். அது சாயும்போதெல்லாம் விலா பளிச்சென்று தெரியும், பின்னால் மணல் புகையாக எழுந்து அடங்கும். வாலின் கீழ்விளிம்பு தேய்ந்து வெளுத்திருந்தது. பாசி படிந்த கற்களுக்கு நடுவே அந்த இடம் மட்டும் கழுவிவிட்ட மாதிரி வெளிறிக் கிடந்தது. நவம்பரில் யாருக்கும் அது தெரியும். குளிர்காலத்தில் கற்கள் மேல் மறுபடி பாசி ஏறிவிடும். ஏப்ரலில் பார்த்தால் மற்ற இடத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இருக்காது. ஆனால் நான் பார்த்தவன். கரையில் சாய்ந்து கிடக்கும் மரமும் எதிரே உள்ள பாறையும் எனக்கு அடையாளம்.

அடுத்த ஏப்ரலில் அதே இடத்துக்குப் போனேன். வெயில் நாலு நாள் தொடர்ந்து அடித்திருந்தது. மதியம் இரண்டு மணிக்கு வெப்பமானி 10 டிகிரியைத் தொட்டது. குவில் கார்டன் பூச்சி வெளிவரும் சூடு அது. இந்தப் பூச்சி ஆற்றின் அடியிலேயே தோலைக் கழற்றிவிட்டு, இறக்கையோடு நீரைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். சாம்பல் நிற இறக்கைகள் ஒவ்வொன்றாக மிதக்க ஆரம்பித்தன. எதிர்க்கரைப் பாறையின் நிழலில் ஒரு மீன் எழுந்து ஒன்றை எடுத்தது. மறுபடி எடுத்தது. குளிர்காலம் முழுக்க நான் பொய்யாகச் சொல்லிக்கொண்டிருந்தது கண்முன்னே நிஜமாக நடக்கிறது.

என் பக்கத்திலிருந்து வீசினால் எட்டும். ஆனால் நடுவில் ஓடும் வேகமான நீர் கயிற்றை இழுத்துவிடும், ஃப்ளை இயல்பாக மிதக்காது. பாதி ஆற்றைக் கடந்தால் நேர் வீச்சு. கடக்க ஒரே இடம் அந்த விளிம்பு. மரம் தெரிந்தது, பாறை தெரிந்தது. எங்கே நிற்கிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஏப்ரல் பாதி தாண்டிவிட்டது, குஞ்செல்லாம் வெளியே போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். வெள்ளம் வந்து முட்டையை ஏற்கெனவே அரித்திருக்கும் என்றேன். ஆயிரம் முட்டையிட்டால் ஒன்றிரண்டுதானே பிழைக்கிறது, என் கால் எம்மாத்திரம் என்றேன். ஜெர்மனியிலிருந்து வந்த மீன்தானே என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. கடல் கடந்து வந்து பிழைக்கிற நானே அதைச் சொன்னேன். இறங்கி நடந்தேன். அடித்தளத்தில் ஆணி பதித்த பூட்ஸ். சரளை உள்வாங்கிக் கொடுப்பது உள்ளங்காலுக்குத் தெரிந்தது.

அந்த மீனைப் பிடித்தேன். பின்கொக்கியை நசுக்கிய முள், நனைத்த கை, தண்ணீரை விட்டு எடுக்கவே இல்லை. எல்லாம் சாஸ்திரப்படி. வந்த வழியே திரும்பினேன்.

ஊரிலிருந்து அம்மா வீடியோ அழைப்பில் ஒருமுறை இந்தப் படங்களைப் பார்த்தாள்.

“திங்கதுக்கு இல்லன்னா அத எதுக்குல புடிக்க?”

“இது ஒரு வெளையாட்டும்மா. புடிச்சி விட்டுருவோம்.”

“மீனுக்கும் வெளையாட்டுதானால அது?”

நான் சிரித்துப் பேச்சை மாற்றினேன். அவள் கேட்டதைத்தான் சுவிட்சர்லாந்து சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. விட்டுவிடும் நோக்கத்தோடு மீன் பிடிக்கப் போவதை அங்கே விலங்குப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. ஜெர்மனியில் ஒரு விலங்குக்கு வலி கொடுக்கத் தக்க காரணம் வேண்டும். உண்பது காரணம், பொழுதுபோக்கு மட்டும் போதாது என்று அங்கே வாதம் நடக்கிறது. நியூ யார்க் நேர் எதிர்த் திசையில் போயிருக்கிறது. 2022 முதல் அக்டோபர் 16-இலிருந்து மார்ச் 31 வரை மாநிலத்தின் ட்ரவுட் ஓடைகளில், செயற்கை இரை போட்டுப் பிடித்து விட்டுவிடலாம். புழுக்காரர் வீட்டில் இருக்கும் அந்த மாதங்களில், முட்டை கல்லுக்குள் கிடக்கும் அந்த மாதங்களில், ஆறு முழுக்க என்னைப் போன்ற கொல்லாதவர்களுக்கு. சட்டத்தைக் குறை சொல்லவில்லை. கரையில் நின்று வீச அது தடை போடவில்லை. நடு ஆற்றில் இறங்கு என்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம் எழுதுவதால் நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சிலது மாறியிருக்கிறது. நவம்பர் முதல் மே வரை மடுவின் விளிம்புகளில் இறங்குவதில்லை. பெரும்பாலும் கரையிலிருந்தே வீசுகிறேன். எட்டாத மீனை விட்டுவிடுகிறேன். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை அழித்துவிட்டு எழுதிப் பார்த்தேன்; பொய்யாகிவிட்டது, அதனால் திரும்ப எழுதினேன். உதட்டில் குவில் கார்டனைச் செருகிய அந்தப் படத்தின் உண்மையை நண்பர்களிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

போன வசந்தத்தில் பண்ணை மீன் விடும் பகுதி ஒன்றுக்குப் போய், சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு ட்ரவுட்டைப் பிடித்தேன். தலையில் கல்லால் அடித்தேன். முதல் அடி சரியாக விழவில்லை, இரண்டாவது அடிக்கு அடங்கியது. கை நடுங்கியது. வீட்டில் மிளகும் மஞ்சளும் தடவி வறுத்தேன். செதில் இருப்பதே தெரியாத தோல், பூப்போன்ற சதை, வாணலியில் உடைந்துவிட்டது. முள்ளை எடுத்துக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டேன். அதனால் புண்ணியம் ஒன்றும் சேர்ந்துவிடவில்லை. கொல்வதைவிட விடுவது மோசம் என்றும் சொல்ல வரவில்லை. ஒழுங்காக விட்டால் பெரும்பாலான மீன் பிழைக்கிறது என்பதும் உண்மைதான். என்னால் செத்த மீன்களில் எனக்குச் சரியாகக் கணக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான்.